இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம்

ஜனவரி 11

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, மாப்பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கியதா, இரண்டுக்கும் பதில் எழுது. போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் விழுந்ததாகச் சரித்திரமே இல்லை. கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

எடை அளவு இன்ஸ்பெக்டராக முப்பத்து நாலு வருடம் கடை கடையாக ஏறி இறங்கிய நான், ஓய்வுபெற்ற இந்த ஆறு வருடமாகச் சனி ஞாயிறு தவறாமல் கடலில்தான். பதினான்கு அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு சின்ன மோட்டார், இரண்டு தூண்டில் கோல். பக்கத்து வீட்டுக்காரர், "கடையில விக்கிற மீனுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்கிறார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

எங்கள் தூண்டில் கிளப்பில் ஒரு மரப்பலகை இருக்கிறது. ஒவ்வொரு வகை மீனிலும் இதுவரை பிடித்ததில் பெரியது எது, பிடித்தவர் யார் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். பாறை மீனுக்கு நேரே பதினொரு வருடமாக ஒரே பெயர்தான், எங்கள் பல் டாக்டர். இருபத்தெட்டு கிலோ நானூறு கிராம். நல்ல மனிதர். ஆனால் அந்தப் பலகைக்குக் கீழே வந்தால் மட்டும் அவர் கை தானாக மீசைக்குப் போய்விடுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வருடம் அவரை இறக்கிவிடப் போகிறேன். கடலிலிருந்து பார்க்கையில் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய ஆலையின் புகைபோக்கி மறைகிற கோட்டில் போனால், அடியில் ஒரு பாறைத் திட்டு. பெரிய பாறை மீன்கள் அங்கேதான் சுற்றுகின்றன. எனக்கும் உன் அண்ணிக்கும் மட்டும் தெரியும். எங்கள் விதி கறாரானது. மீன் மாட்டியதிலிருந்து படகின் ஓரத்துக்கு வரும்வரை ஒரே ஆள்தான் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் விரல் கோலிலோ நூலிலோ பட்டால்கூடப் போச்சு, அந்த மீன் பலகை ஏறாது.

உன் அண்ணி பிளாஸ்க் பிடித்துக்கொள்ளக் கூட வருகிறாள். உன்னை விசாரித்தாள்.

அன்புடன்,
உன் அண்ணன்

பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் முதுகு என்னோடுதான் இருக்கிறது, எங்கும் போகவில்லை. அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, அதைக் கொண்டாட இனிப்பு கேட்கிறார். நீயும் அண்ணியும் நலமாக இருப்பது சந்தோஷம்.

பல் டாக்டரை இறக்கு. நீ ஒன்றை முடிவுசெய்துவிட்டால் உடும்புப்பிடி என்று எனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் செருப்பு அறுந்தும் ஓடி முடித்தவன் நீ. கடைசியாக வந்தாய் என்பது வேறு விஷயம்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கையெழுத்து ஏன் இப்படி வழுக்கி விழுந்தது மாதிரி இருக்கிறது? படகில் உட்கார்ந்து எழுதினாயா? காலை முதல் மாலை வரை அடுத்தவர் கைகளையே பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் நான். என் கண்ணில் இதெல்லாம் படாமல் போகாது. பதில் சொல்.

அண்ணியிடம், பிளாஸ்க்கோடு ஒரு குடையும் எடுத்துப் போகச் சொல்.

இப்படிக்கு,
உன் தங்கச்சி

பிப்ரவரி 23

அன்புள்ள தங்கச்சிக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். உட்கார்ந்துகொண்டு படி.

முப்பத்தொரு கிலோ இருநூறு கிராம்!

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. நான் சொன்ன அந்தத் திட்டின்மேல் இரையை இறக்கி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கோல் அப்படியே வளைந்து நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. ரீல் போட்ட சத்தத்தில் உன் அண்ணி பிளாஸ்க்கைக் கீழே போட்டுவிட்டாள். மீன் படகையே இழுத்துக்கொண்டு போனது. ஐம்பது நிமிடம்! ஒரு இடத்தில் கொஞ்சம் தடுமாறிவிட்டேன், அதை விடு. கடைசியில் பக்கவாட்டில் வெள்ளி வெள்ளியாக அது மேலே வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு காலை எனக்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

கிளப் தராசில் தூக்கியதும் எல்லோரும் விசில் அடித்தார்கள். பல் டாக்டர்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்தார். போட்டோ வைத்திருக்கிறேன், பார்.

மற்றவை பிறகு.

உன் அண்ணன்

மார்ச் 4

என் வீரமான அண்ணாவுக்கு,

எனக்குத் தலைகால் புரியவில்லை! ஆஸ்பத்திரியில் என் மேசைக்கு மேலே உன் போட்டோவை ஒட்டிவிட்டேன். கை மடக்கப் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "இது யாரு தெரியுமா? எங்க அண்ணன். கடல்ல சாதனை பண்ணியிருக்கார்" என்று ஆரம்பித்துவிடுகிறேன். பாவம், கையை என்னிடம் கொடுத்துவிட்டு அவர்கள் எங்கே ஓட முடியும்? சிலர் மீன் கதையைக் கேட்டுக் கேட்டே குணமாகிவிட்டார்கள்.

சின்ன வயதிலிருந்து நீ எதிலும் முதலாவதாக வந்ததில்லை, எதிலும் ஏமாற்றியதும் இல்லை. இப்போது முதலாவதாக வந்துவிட்டாய். நான் அழுதேன் என்று இவர் போட்டுக்கொடுப்பார், நம்பாதே. கொஞ்சம்தான் அழுதேன்.

பலகையில் உன் பெயரை எழுதியதும் அதையும் போட்டோ எடுத்து உடனே அனுப்பு. சட்டம் போட்டு மாட்டப் போகிறேன். கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தேனே?

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணிக்கு என் முத்தம்.

தங்கச்சி

ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

அங்கே இருவரும் நலம்தானா? ஒரு மாதமாகப் பதில் இல்லை.

எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் விடுமுறைக்கு உங்கள் ஊர்ப் பக்கம் வந்தவர், நான் அடித்த தம்பட்டத்தை நம்பி உங்கள் கிளப்புக்கே போயிருக்கிறார். பலகையில் பாறை மீனுக்கு நேரே இன்னும் அந்தப் பல் டாக்டர் பெயர்தான் இருக்கிறதாம்! திரும்பி வந்து எல்லோர் முன்னாலும், "உங்க அண்ணன் பேரைத் தேடித் தேடிப் பார்த்தேன் மேடம்" என்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

என்ன நடக்கிறது அங்கே? யார் தடுத்தது? அந்த மீசைக்காரரா? கட்டிப்பிடித்ததெல்லாம் நடிப்பா? நீ வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்தால் ஊர் உன் தலையில் மிளகாய் அரைக்கும். எனக்கு உடனே பதில் வேண்டும்.

தங்கச்சி

ஏப்ரல் 15

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். அந்த மீன் பலகைக்குப் போகாது. விதிப்படி சரியாகத்தான் நடந்திருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. டாக்டரைத் திட்டாதே. இதோடு விட்டுவிடு.

இங்கே காற்று மாறிவிட்டது. இரண்டு வாரமாகக் கடலுக்குப் போகவில்லை. உன் அண்ணி படகுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்கிறாள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மே 3

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் தூண்டில் கிளப்பின் செயலாளர். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். தங்கள் காரசாரமான கடிதம் வந்தது. அதில் எங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் பாதியைத்தான் கமிட்டியில் வாசித்தேன். மீதியை வாசிக்க வெட்கமாக இருந்தது.

அம்மா, உங்கள் அண்ணனுக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை. அன்று மீனைத் தராசில் தூக்கியபோது அவர் பெயரை எழுத நானே பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்துவிட்டேன். மீன் பிடித்தவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "கோலை வேறு யாராவது தொட்டார்களா?" என்று ஒரு கேள்வி. எல்லோரும் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதுகிற இடம். உங்கள் அண்ணன் "ஆம், என் மனைவி" என்று எழுதிக் கொடுத்தார்.

சண்டையின் நடுவில் அவருடைய வலது கை பிடிப்பை விட்டுவிட்டதாம். கோல் கடலுக்குப் போகிற நேரத்தில் உங்கள் அண்ணி பாய்ந்து பிடித்து அவர் கையில் திரும்பக் கொடுத்திருக்கிறார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நாங்கள் அத்தனை பேரும் கெஞ்சினோம். பல் டாக்டர், "சார், நடுக்கடல்ல நடந்தது யாருக்குத் தெரியும்? அந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க" என்றே சொல்லிவிட்டார். உங்கள் அண்ணன், "தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இங்கேயே நிக்கிறோமே டாக்டர்" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டார். இருபது வருடமாகச் செயலாளராக இருக்கிறேன். அவர் உறுப்பினராக இருக்கிற கிளப் இது என்று அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்று. இதை நான் சொன்னதாக இருக்க வேண்டாம். சில மாதமாக அவர் டீ கிளாஸைக்கூட இடது கையில்தான் பிடிக்கிறார். கேட்டால் பழக்கம் என்கிறார். நீங்கள் மருத்துவத் துறையில் இருப்பதாக எழுதியிருந்ததால் தெரிவிக்கிறேன்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

செயலாளர்

மே 9

அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ பொய் சொல்வாய்.

எல்லாம் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று கேட்காதே, கண்ணாடிக்காரர் சொல்லவில்லை. பலகைக்கு ஒரு உண்மை, தங்கச்சிக்கு ஒரு மழுப்பலா? மீன் விஷயத்தில் ஒரு மூச்சு நேரத்தைக்கூட ஒளிக்காதவன், உன் கையை என்னிடமிருந்து எத்தனை மாதம் ஒளித்தாய்? கட்டைவிரல் மரத்துப்போகிறதா? பேனா நழுவுகிறதா? விடியற்காலையில் கை எரிகிறதா? மணிக்கட்டில் நரம்பு நசுங்கினால் அப்படித்தான் இருக்கும். காலம் கடத்தினால் பிடிப்பு திரும்ப வராது. ஊரார் கையெல்லாம் என் மேசைமேல் கிடக்கிறது, என் கூடப்பிறந்தவன் கையை மேசைக்கு அடியில் வைத்திருக்கிறான்! எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று உன் போட்டோவைக் கழற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கழற்றவில்லை. எக்ஸ்ரேக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து முழுக் கதையும் சொன்னேன். அவர் எழுந்து போட்டோவை ஒரு தடவை பார்த்துவிட்டு, கழன்றிருந்த மூலையை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். பலகையில் உன் பெயர் இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்திருக்காது.

இந்த மாதம் முடிவதற்குள் அந்தக் கையோடு வந்து சேர். வராவிட்டால் நான் வந்து இழுத்துக்கொண்டு வருவேன்.

தங்கச்சி

மே 16

தங்கச்சிக்கு,

வருகிறோம். திட்டாதே. உனக்குத் தெரிந்தால் தூண்டிலைத் தொடக் கூடாதென்று சொல்வாய் என்று பயந்தேன்.

அண்ணன்

ஜூலை 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உன் அண்ணன் கையில் ஆபரேஷன் தழும்பு காய்ந்துவிட்டது. நீ எழுதிக் கொடுத்த விரல் பயிற்சியைக் காலையும் மாலையும் ரப்பர் பந்தை வைத்துச் செய்கிறார். நான் பக்கத்தில் நின்று எண்ணுகிறேன், இல்லாவிட்டால் பத்துக்கு ஏழு செய்துவிட்டு எழுந்துவிடுவார். நேற்றுச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, "பாத்தியா, பாத்தியா" என்று வீடு முழுக்கச் சுற்றி வந்தார். நீ இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. உன்னை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது.

ஆறு மாதம் தூண்டிலைத் தொடக் கூடாதென்று நீ சொன்னாயே, முதல் வாரம் கூண்டில் அடைத்த மாதிரி உலாத்தினார். இரண்டாம் வாரம் நான்தான், "நீங்க மோட்டாரைப் பாத்துக்குங்க, தூண்டிலை நான் பிடிக்கிறேன்" என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வை இருக்கிறதே!

உனக்கு எழுதும்போதெல்லாம் நான் பிளாஸ்க் பிடிக்க வருவதாக எழுதுவாராம். கட்டைவிரல் மரத்துப்போனதிலிருந்து அவருக்கு முடிச்சு போட்டதும் இரை கோத்ததும் யார் என்று அவரையே கேள். அன்று கோலை அந்த ஒரு மூச்சு பிடித்தேனே, மீன் இழுத்த இழுப்பு தோள்வரை ஏறியது. அன்றிலிருந்து எனக்கும் ஆசை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம் சொல்கிறேன். எனக்கும் அந்தப் பலகையில் ஒரு இடம் வேண்டும்.

இதுவரை மாட்டியது சின்னச் சின்ன மீன்கள்தான். வாத்தியார் மாதிரி விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறார். மீன் ஓடுவதே அவர் சத்தத்துக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உன் வீட்டுக்காரரை இனிப்புப் பக்கம் விடாதே.

பிரியமுள்ள,
அண்ணி

அக்டோபர் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் நலம், கை நலம். இந்தக் கடிதம் முழுவதும் வலது கையால் எழுதியது, எழுத்தைப் பார்த்துக்கொள். இனி செய்தி.

போன ஞாயிறு அதே திட்டு. உன் அண்ணியின் தூண்டிலில் மாட்டியது. கோல் வளைந்த வளைவிலேயே பெரியது என்று தெரிந்துவிட்டது. "என்னங்க, பிடிங்க, என்னால முடியாது!" என்று கத்தினாள். "மாட்டேன்!" என்று நானும் கத்தினேன். இடது கை மோட்டாரில். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அது நமநம என்று அரித்தது தங்கச்சி! நாற்பது நிமிடம் மீனோடும் என்னோடும் ஒரே நேரத்தில் சண்டை போட்டாள். என் பரம்பரையையே இழுத்தாள். உன்னை மட்டும் விட்டுவிட்டாள். ஓரத்துக்கு வந்த மீனைக் கொக்கிக் கம்பால் படகுக்குள் இழுத்துப் போட்டது மட்டும்தான் நான். அதற்கு விதி இடம் கொடுக்கிறது.

கிளப் தராசில் தூக்கினோம். இருபத்தெட்டு கிலோ அறுநூற்று ஐம்பது. டாக்டரைவிட இருநூற்றைம்பது கிராம் அதிகம். கூரை அதிரக் கத்தினார்கள்.

ஓய்வுபெற்ற அன்று அவள் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். இனி எந்தத் தராசையும் சந்தேகப்படக் கூடாது என்று. காய்கறிக் கடை, பழைய பேப்பர் கடை என்று நான் முள்ளைக் குனிந்து பார்க்கிற இடத்திலெல்லாம் அவளுக்கு மானம் போகிறதாம். அதனால் ஆறு வருடமாகக் கிளப் தராசை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அன்று பார்த்துவிட்டேன். ஏறும்போது முள் ஒரு இடத்தில் லேசாகத் தாவியது. முப்பத்து நாலு வருடப் புத்தி, சும்மா இருக்குமா? வாயை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. "தராசைச் சோதிக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், மீன்கூட அப்படி முறைக்கவில்லை.

பக்கத்து ஐஸ் ஃபாக்டரியிலிருந்து முத்திரை குத்திய எடைக்கற்களை வாங்கி வந்தோம். இருபது, ஐந்து, இரண்டு, ஒன்று. மொத்தம் இருபத்தெட்டு கிலோ. கொக்கியில் மாட்டித் தூக்கினோம். முள் ஆடி ஆடி வந்து நின்ற இடம் இருபத்தெட்டு கிலோ நானூறு.

தராசு நானூறு கிராம் கூட்டிக் காட்டுகிறது. அப்படியானால் அவள் மீன் இருபத்தெட்டு இருநூற்றைம்பதுதான். டாக்டருக்குக் கீழே. செயலாளர், "டாக்டர் மீனும் இதே தராசுதானே, அதையும் குறைச்சுடலாமே" என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அது பதினோரு வருஷத்துக்கு முந்தின எடை. அன்னைக்குத் தராசு சரியா இருந்திருக்கலாம். அத்தாட்சி இல்லாம அவர் எடையில கை வைக்க முடியாது. இவ மீனைக் குறைச்சு எழுதுங்க" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் தலைமுடியெல்லாம் உப்பு, உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. ஆசைப்பட்டு ஒன்றைப் பிடித்தவளிடமிருந்து அதைப் பிடுங்குகிறவன் நானாக இருக்க வேண்டுமா? ஆனாலும் சொன்னேன்.

அப்போது பல் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். எல்லோரையும் வாயைத் திறக்கச் சொல்கிறவர் தானே வாயைத் திறந்தார். "அன்னைக்கும் தராசு சரியா இல்லை சார். மீனை ஐஸ்ல வைக்கப் பக்கத்து ஃபாக்டரிக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க தூக்கிப் பார்த்தா கரெக்டா இருபத்தெட்டு. அவங்க தராசுதான் தப்பா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பதினோரு வருஷமா சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்றார். பிறகு அவரே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையில் தன் பெயரைத் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். இறங்கி வந்ததும் நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

செயலாளர் பிரஷ்ஷோடு வந்து, "சாரோட மனைவின்னு போடவா?" என்று கேட்டார். "எனக்குப் பேர் இருக்கு" என்றாள் உன் அண்ணி. அந்தப் பெயரை எழுதினார். பாறை, இருபத்தெட்டு கிலோ இருநூற்றைம்பது கிராம்.

படகைக் கட்டும்போது, "டாக்டர் மட்டும் பேசலேன்னா ஒரு மாசம் உங்களோட பேசியிருக்க மாட்டேன்" என்றாள். "சத்தியத்தை மீறினதுக்கா?" என்றேன். "அதுக்குத்தான். தராசைப் பார்த்தது தப்புன்னு நான் சொல்லலை" என்றாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை தங்கச்சி. பெயின்ட் காயும்வரை அவள் பலகையை விட்டு நகரவில்லை. நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டு, உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் "இது என் சம்சாரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே அவளைத் தெரியாதவர்கள் ஒருவரும் இல்லை. இருந்தாலும் சொன்னேன்.

உன் அண்ணன்